நீர்மூழ்கி மாடலுக்கு எந்தச் சாம்பல்? ஒன்றரை வருடமாக என் மேசையில் இருக்கும் ரால் கே7 வண்ண விசிறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கியான யு-போட்டின் மாடல் ஒன்றைக் கட்டப் போகிறீர்கள், நிறம் ஏனோதானோ என்று இல்லாமல் சரியாக வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால், பெயின்ட் டப்பா எதையும் கையில் எடுக்கும் முன் ரால் கே7 வண்ண விசிறியை வாங்கிவிடுங்கள். அது மாடல் கட்டுபவர்களுக்காகச் செய்த பொருளே இல்லை. கதவு, ஜன்னல், கிரில், லாரி, மெஷின் என்று எதற்காவது பெயின்ட் அடிக்கிறவர்கள், "இந்த நம்பர் நிறம்தான்" என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வதற்காக வைத்திருக்கும் அட்டை. ஆனால் என் மேசையில், காற்றில் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கையில் எடுப்பது இப்போது அதைத்தான்.

இதை வாங்க வைத்தது ஒரு கசப்பான அனுபவம். மாடல் கிட்டும் பெயின்ட்டும் விற்கும் ரெவெல் நிறுவனத்தின் 1/72 அளவு 7-சி வகை யு-போட் கிட்டைப் பல மாதமாக மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டிருந்தேன். நிஜப் படகு 67 மீட்டர், மாடலில் அது 93 சென்டிமீட்டர், சாப்பாட்டு மேசையில் வைத்தால் தட்டு வைக்க இடம் இருக்காது. அதற்கென்றே "ஜெர்மன் நீர்மூழ்கி" என்று மேலே எழுதி விற்ற ஒரு பெயின்ட் செட்டை ஆன்லைனில் வாங்கினேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. வெளிர் சாம்பல், அடர் சாம்பல், அடிப்பகுதிக்கு ஒரு சிவப்பு, மூன்று பாட்டில். அடித்து முடித்துக் காயவிட்டு, மறுநாள் காலையில் நாலடி தள்ளி நின்று பார்த்தால் மனசு விட்டுப்போனது. வெளிர் சாம்பல், சுண்ணாம்பு அடித்த சுவரில் கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. அடர் சாம்பல் கிட்டத்தட்டக் கறுப்பு. பழைய போட்டோக்களில் நான் பார்த்துப் பழகிய அந்தப் படகு எங்குமே இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து, இரண்டு சனி ஞாயிறு போனது. மெல்லிய கைப்பிடிக் கம்பிகள் இரண்டு ஒடிந்தன. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி லேபிளை நம்பி நிறம் வாங்குவதில்லை, அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்குவது.

அந்த அளவுகோல்தான் ரால். ஜெர்மனியில் 1925-ல் ஆரம்பித்த அமைப்பு அது, 1927-ல் வெறும் 40 நிறங்களோடு முதல் வண்ணப் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். இப்போதைய கிளாசிக் வரிசையில் 200-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் நான்கு இலக்க எண். முதல் இலக்கம் நிறக் குடும்பத்தைச் சொல்லிவிடும்: 1 மஞ்சள், 3 சிவப்பு, 5 நீலம், 6 பச்சை, நமக்கு வேண்டிய சாம்பல் எல்லாம் 7-ல். கே7 என்பது இந்த வரிசை முழுவதையும் ஒரு ஓரத்தில் திருகு போட்டு இணைத்த நீளத் தாள்களாகத் தருவது, பனையோலை விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் ஒரு முழுத் தாள். இந்த அளவு ரொம்ப முக்கியம். தபால் தலை அளவில் நிறத்தைக் காட்டும் அட்டைகளில் பக்கத்து நிறம் கண்ணைக் குழப்பும், இதில் ஒரே ஒரு தாளை மட்டும் தனியே பிரித்து மாடலின் மேலேயே வைத்துப் பார்க்கலாம்.

சரி, வீட்டுக் கதவுக்கான அட்டைக்கும் யு-போட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஜெர்மன் கடற்படைக்குத் தன் நிறங்களுக்கென்று தனிப் பெயரும் எண்ணும் இருந்தன. யு-போட்டின் மேல் பகுதிக்கு முக்கியமாக வருபவை இரண்டு, ஹெல்கிராவ் 50 என்ற வெளிர் சாம்பல், டுங்கெல்கிராவ் 51 என்ற அடர் சாம்பல். அந்தக் காலத்துக் கடற்படைப் பெயின்ட் விதிமுறைகளைத் தோண்டிப் படித்தவர்கள் முதலாவதை ரால் 7001-உடனும், இரண்டாவதை ரால் 7000-உடனும் பொருத்துகிறார்கள். மாடல் கட்டுபவர்கள் மத்தியில் இன்றைக்குப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருத்தம் இதுதான், நானும் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். 7001-க்கு சில்பர்கிராவ், அதாவது வெள்ளிச் சாம்பல் என்று பெயர். 7000-க்கு ஃபேகிராவ். ஃபே என்றால் ரஷ்யப் பக்கத்து அணில் குளிர்காலத்தில் போட்டுக்கொள்ளும் சாம்பல் ரோமம், ஒரு காலத்தில் பணக்காரர்களின் அங்கிக்கு ஓரம் தைக்கப் பயன்பட்டது. நம் முதுகில் மூன்று கோடு போட்ட அணிலை மனசில் வைத்துக்கொண்டு இந்த நிறத்தைத் தேடினால் கிடைக்காது. மழை வரப்போகிற நேரத்து மேகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தில் வந்துவிடும்.

விசிறி வந்த அன்று முதல் வேலையாக இந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தேன். அந்தக் காட்சிக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம்! "வெளிர்", "அடர்" என்று பெயர் இருப்பதால் ஒன்று பால் மாதிரியும் மற்றது தார் மாதிரியும் இருக்கும் என்று நாமாகக் கற்பனை செய்துகொள்கிறோம், பல கிட்டுகளின் பெட்டிப் படங்களும் செட்டுகளும் அதே கற்பனையைத்தான் விற்கின்றன. உண்மையில் வெளிர் என்று சொல்லப்படுவதே நடுத்தரச் சாம்பல், அடர் என்பது அதற்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். இன்னொன்று, இரண்டிலும் நீலம் ஒளிந்திருக்கிறது. சிமென்ட் மாதிரி உலர்ந்த சாம்பல் இல்லை, கொஞ்சம் ஈரமான, குளிர்ந்த சாம்பல். வட அட்லாண்டிக்கின் மங்கிய வெளிச்சத்தில் கடலோடும் வானத்தோடும் கரைந்துபோகத்தான் அது, வேறெதற்கு? என் பழைய செட்டின் வெளிர் சாம்பலை ஒரு பழைய ஸ்பூனில் அடித்து வைத்திருந்தேன், அதை விசிறியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் 7035-க்குப் பக்கத்தில் போய் நின்றது. சுவிட்ச் பாக்ஸ், மின்சாரப் பெட்டி எல்லாவற்றிலும் பார்ப்போமே, அந்த நிறம். 7001-இலிருந்து எங்கோ தூரத்தில்.

ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் தவறுகிறோம். என் அம்மா புடவைக் கடையில் எவ்வளவு பிடித்த புடவையானாலும் கடைக்குள் இருக்கும் விளக்கில் முடிவு செய்ய மாட்டார், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் எடுத்துப்போய் வெயில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்வார். சாம்பலுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு சாம்பல்கள் வெவ்வேறு நிறமிகளைக் கலந்து செய்யப்பட்டிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போய், இரவில் எல்இடி விளக்கின் கீழ் ஒன்று பச்சையாகவும் மற்றது ஊதாவாகவும் திரும்பிவிடும். நான் இருப்பது ஹாம்பர்க்கில், நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் பெயின்ட் ஒப்பிடும் வேலையை வார இறுதிக் காலை பதினொன்று மணிக்கு, வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஊரில் இருப்பவர்கள் நேர் வெயிலில் பார்க்காதீர்கள், வெயில் எல்லாவற்றையும் வெளிறடித்துவிடும், காலை வேளையில் திண்ணை நிழல் போதும். கம்ப்யூட்டர், போன் திரையில் தெரியும் ரால் நிறங்களை வைத்து முடிவு செய்வது வேண்டவே வேண்டாம். என் போனில் ஒரு மாதிரி, லேப்டாப்பில் ஒரு மாதிரி, தாளில் மூன்றாவது மாதிரி.

இனி பெயின்ட். விசிறி கையில் வந்த பிறகு இது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரெவெல்லின் வரிசையில் பல நிறங்களுக்கு அவர்களே ரால் எண்ணைக் கொடுக்கிறார்கள். 374 என்ற சாம்பல் 7001, 57 என்ற சாம்பல் 7000. இரண்டுமே சாதாரணமாகக் கிடைக்கும் 14 மில்லி எனாமல் டப்பாக்கள், "நீர்மூழ்கி" என்று எங்கும் எழுதியிருக்காது, விலையும் ஸ்பெஷல் செட்டுகளைவிடக் குறைவு. ஸ்பூனில் அடித்துக் காயவைத்து ஜன்னல் ஓரம் தாளின் மேல் வைத்தேன். 374 தாளோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 57-உம் நல்ல பொருத்தம், ஆனால் முதல் பார்வையில் கொஞ்சம் வெளுத்த மாதிரித் தோன்றும். அதற்குக் காரணம் நிறம் இல்லை, பளபளப்பு. 374 அரைப் பளபளப்பு, 57 முழு மேட், அதாவது பளபளப்பே இல்லாதது. மேட் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அதே நிறமே கொஞ்சம் வெளிறித் தெரியும், பளபளப்பான பரப்பு அடர்ந்து தெரியும். கே7-இன் தாள்கள் பளபளப்பானவை என்பதை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்வது இதுதான்: ஸ்பூனில் பாதிக்கு மட்டும் பளபளப்பான வார்னிஷ் அடித்துவிடுவேன், அந்தப் பாதியைத் தாளோடு ஒப்பிட்டு நிறம் சரி என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின், மாடலில் கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மேட் வார்னிஷ். அப்போது இரண்டு சாம்பலும் ஒரே படகின் மேல் அடித்த மாதிரி இருக்கும்.

எனாமல் காய நேரம் எடுக்கும், ஒரு பூச்சுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாசனையும் உண்டு, குழந்தைகள் உள்ள சின்ன வீட்டில் கஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்கு ஜப்பானிய நிறுவனமான தமியாவின் அக்ரிலிக் நல்லது, ஏர்பிரஷில் அவ்வளவு அழகாக உட்காரும், எக்ஸ்-20ஏ தின்னர் மட்டும் மறக்காமல் வாங்குங்கள். தமியாவில் 7001, 7000 என்று நேரடியாகப் பாட்டில் கிடையாது, கலக்க வேண்டும். எனக்கு 7001-க்குப் பக்கத்தில் வந்தது எக்ஸ்எஃப்-20 மீடியம் கிரேயில் மிகக் கொஞ்சமாக எக்ஸ்எஃப்-18 மீடியம் புளூ. 7000-க்கு எக்ஸ்எஃப்-20-உம் எக்ஸ்எஃப்-54 டார்க் சீ கிரேயும் ஏறக்குறைய சரிபாதி, அதிலும் அதே நீலம் சொட்டுக் கணக்கில். சொட்டு எண்ணிக்கையை அப்படியே எழுதி வைத்துக் கலக்காதீர்கள், விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீலத்தை ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு கூடினாலும் விமானப்படை நிறத்துக்குப் போய்விடும். நீர் கலந்த பெயின்ட்டுகள் காய்ந்ததும் பாட்டிலில் தெரிந்ததைவிட அடர்ந்துவிடும், ஆகவே ஈரத்தில் ஒப்பிடக் கூடாது. பிரிட்டனிலிருந்து வரும் கலர்கோட்ஸ் எனாமலில் ஜெர்மன் கடற்படைக்கென்றே தனி வரிசை இருக்கிறது, ஹெல்கிராவ், டுங்கெல்கிராவ் என்ற பெயர்களிலேயே. கப்பல் மாடல்காரர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள், கலக்கும் வேலையே இல்லை. ஆனால் எனாமலைச் சாதாரண விமானத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் இந்தியாவுக்கு வரவழைப்பது பெரும்பாடு.

அடிப்பகுதிக்கு வருகிறேன். என் செட்டில் இருந்த மூன்றாவது பாட்டில் சிவப்பு என்றேனே, அதுதான் உண்மையில் பெரிய தவறு. கப்பல் என்றாலே நீர்க்கோட்டுக்குக் கீழே சிவப்பு என்று நம் எல்லோர் மனசிலும் பதிந்திருக்கிறது. பிஸ்மார்க் மாதிரியான ஜெர்மன் போர்க்கப்பல்களுக்கு அது சரியும்கூட. பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்க அடிக்கும் பெயின்ட்டில் செம்பு ஆக்சைடு கலப்பது பழைய வழக்கம், சிவப்பு அதிலிருந்து வந்தது. ஆனால் யு-போட் மேலிருந்து விமானத்தின் கண்ணில் படும் பொருள், தெளிந்த தண்ணீரில் கொஞ்ச ஆழத்தில் இருக்கும்போதும் உருவம் தெரியும். அதனால் அடிப்பகுதியின் கடைசிப் பூச்சுக்கு ஷிஃப்ஸ்போடன்ஃபார்ப என்ற அந்தக் கப்பல் அடிப் பெயின்ட்டில் அடர் சாம்பல் வகையைத்தான் கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. இதற்குத் தாளில் நான் தேர்ந்தெடுத்தது 7016, ஆன்ட்ராசிட்கிராவ், நிலக்கரிச் சாம்பல். 7021 இன்னும் கறுப்பு, 7024-இல் நீலம் கொஞ்சம் வேறு மாதிரி. 7016 மேலே உள்ள 7001-உடன் சேரும்போது நீர்க்கோட்டில் ஒரு தெளிவான, ஆனால் கண்ணைக் குத்தாத பிரிவு வருகிறது. பெட்டியில் சிவப்பு என்று இருந்தால் அடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பழைய பெயின்ட் உதிர்ந்து உள்ளே இருக்கும் சிவப்புப் பிரைமர் திட்டுத் திட்டாகத் தெரிவதுபோல் கொஞ்சம் தொட்டுவிடலாம், அது வேறு.

"எதற்கு இவ்வளவு, நிஜப் படகையே போய்ப் பார்த்துவிடலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனேன். ஹாம்பர்க்கிலிருந்து கீல் துறைமுகத்துக்கு ரயில், அங்கிருந்து லாபோ என்ற கடற்கரை ஊர். கடற்கரை மணலில் யு-995 நிற்கிறது, 7-சி வகையின் 41 என்ற திருத்தப்பட்ட வடிவம், 1943-ல் ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபோஸ் தளத்திலிருந்து கடற்படைக்குப் போனது. போருக்குப் பிறகு நார்வே கடற்படையில் கௌரா என்ற பெயரில் ஓடி, திரும்பி வந்து, 1972-லிருந்து மியூசியம். விசிறியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். படகின் பக்கத்தில் நின்று அதன் வயிற்றை அண்ணாந்து பார்த்ததும், 93 சென்டிமீட்டரில் நான் உடைத்த அந்தக் கைப்பிடிக் கம்பிகள் உண்மையில் எவ்வளவு கனம் என்று தொட்டுப் பார்த்ததும், சொல்லத் தெரியவில்லை, கொஞ்ச நேரம் விசிறியை வெளியே எடுக்கவே தோன்றவில்லை. ஆனால் நிறத்துக்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. அரை நூற்றாண்டாகக் கடல்காற்றிலும் மழையிலும் நிற்கும் இரும்பு, துருவைத் தடுக்கத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். இன்று நாம் பார்ப்பது பராமரிப்பவர்கள் அடித்த நிறம். அங்கே போய்ப் பார்க்க வேண்டியது வேறு: பக்கங்களில் தண்ணீர் புகுந்து வெளியேறும் துளைகளின் வரிசை, பற்றவைத்த தகடுகளின் ஓரம், நிழல் எங்கே விழுகிறது, மேல் வளைவில் வெளிச்சம் எப்படி வழுக்குகிறது. இதையெல்லாம் எந்தத் தாளும் சொல்லாது.

கீல் என்றதும் நம்மவர்களுக்கு இன்னொன்று நினைவு வரும். சுபாஷ் சந்திர போஸ் 1943 பிப்ரவரியில் கிளம்பியது அந்தத் துறைமுகத்திலிருந்துதான், யு-180-இல். ஏப்ரலில் மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில் ரப்பர் படகில் ஏறி ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார். அந்த யு-180-ஐ 7-சி கிட்டில் செய்யப் பார்க்காதீர்கள், அது 9-டி-1 என்ற வேறு வகை, 87 மீட்டருக்கு மேல் நீளம், உடலமைப்பே வேறு.

பழைய போட்டோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து "இது வெளிர், இது அடர்" என்று சொல்வதற்கும் எல்லை உண்டு. ஃபிலிம் வகை, வடிகட்டிக் கண்ணாடி, வெயில், நனைந்த இரும்பா காய்ந்த இரும்பா, எல்லாம் சேர்ந்து சாம்பலை மாற்றும். நனைந்த படகு ஒரு படி அடர்ந்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்து வண்ணப் படங்களிலும் சாயங்கள் வருடக்கணக்கில் மங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். போட்டோவை நான் பயன்படுத்துவது நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க மட்டும். படகின் மேல்தளத்துக்கு மேலே நிற்கும் கோபுரத்தில் அடர்ந்த பட்டைகள், திட்டுகள் தெரிகிறதா, நீர்க்கோடு எவ்வளவு உயரத்தில் போகிறது, முகப்பில் எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது. என்ன நிறம் என்பதற்கு விசிறி. எந்தப் படகு, எந்த வருடம் என்று முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் இந்த வேலையே. நான் எடுத்துக்கொண்டது 1941 இறுதி யு-552, எரிக் டாப் தலைமையில் இருந்தபோது, கோபுரத்தின் இரண்டு பக்கமும் அந்தப் படகின் அடையாளமான சிவப்புப் பிசாசுப் படம். பக்கங்களும் கோபுரமும் 7001. கோபுரத்தின் மேல் விளிம்பு உள்பக்கம், சில பழுதுபார்த்த திட்டுகள் 7000. மேல்தளம் மரப்பலகை, ஆனால் மர நிறத்தில் விட்டுவிடக் கூடாது, மேலிருந்து பார்க்கும் விமானத்துக்காக அது கறுப்பை ஒட்டிய அடர் நிறம். நான் 7016-ஐயே எடுத்து அதில் கொஞ்சம் பழுப்புச் சேர்த்துப் பலகைக்குப் பலகை மாற்றி மாற்றி அடித்தேன்.

இப்போது ஒரு விஷயத்தில் விசிறியை மீற வேண்டும். 93 சென்டிமீட்டர் படகை ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பது நிஜப் படகை 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூட நடுவிலிருக்கும் காற்று நிறத்தை வெளுக்கும், தூரத்து மலை நீலமாகத் தெரிகிறதே, அதே கதைதான். அதனால் தாளில் உள்ள நிறத்தை அப்படியே மாடலில் அடித்தால் ஒரு படி கனமாகத் தெரியும். 1/72-க்கு 15 விழுக்காடு வரை வெள்ளை சேர்ப்பது மாடல் கட்டுபவர்களிடம் ஒரு பழைய வழக்கம். எனக்கு அது அதிகம். நேர் வெள்ளையைச் சேர்த்தால் சாம்பல் மாவு பூசின மாதிரி ஆகிவிடுகிறது. 7035-இன் நிறத்தை, ரெவெல்லில் அது 371, பத்தில் ஒரு பங்கு 7001-இல் சேர்த்தேன், நீலம் போகாமல் வெளிச்சம் மட்டும் கூடியது. அடிப்பகுதிக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், 7016-ஐ அப்படியே விட்டால் தட்டையாகக் கறுத்து வடிவமே தெரியாது. 1/144 கட்டுபவர்கள் இதைவிடக் கூட்டலாம், 1/350-இல் 19 சென்டிமீட்டர் படகுக்கு நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் முதலில் சரியான நிறத்தைக் கண்டுபிடித்துவிட்டு அங்கிருந்து வெளுக்க வேண்டும். தவறான வெளிர் சாம்பலில் தொடங்கிவிட்டு "தூரத்தால் அப்படித் தெரிகிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

துருவும் உப்பும் காட்டுவது தனிக் கதை, இங்கே எழுதினால் நீண்டுவிடும். வார்னிஷுக்கு முன்னால் செய்யுங்கள், துருவை மேலிருந்து கீழாக மெல்லிய கோடாக இழுங்கள், துளைகளுக்குக் கீழே மட்டும், படகு முழுக்க ஆரஞ்சு பூசாதீர்கள்.

இந்த விசிறி யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க காட்டோ வகையோ ஜப்பானியப் படகோ சோவியத் படகோ கட்டுபவர்களுக்கு இது நேரடியாக உதவாது, அந்தக் கடற்படைகளின் நிறங்கள் வேறு அளவுகோலில் வந்தவை, அவற்றுக்கான தனி வண்ணச் சில்லுகளைத் தேடிப் போவதுதான் சரி. வாழ்க்கையில் ஒரே ஒரு யு-போட்தான் கட்டுவேன், ரெவெல் எனாமல்தான் அடிப்பேன் என்பவர்கள் மேலே சொன்ன எண்களை எழுதிக்கொண்டு போய் டப்பாக்களை வாங்கினாலே போதும். ஆனால் இரண்டு மூன்று பிராண்டுகளைக் கலந்து பயன்படுத்துபவர்கள், ஜெர்மன் டாங்கி, லாரி என்று மற்றதும் கட்டுபவர்கள் கண்டிப்பாக வாங்கலாம். டாங்கிகளின் கருஞ்சாம்பல், மணல் மஞ்சள் என்று அங்கேயும் பேச்சு ரால் எண்களில்தான் நடக்கிறது. விலை ஏழெட்டு எனாமல் டப்பாக்களின் அளவு, நான் தவறாக வாங்கிய அந்த ஒரு செட்டின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வாங்கும்போது கிளாசிக் கே7 என்று பார்த்து வாங்குங்கள், "ரால் மாதிரி" என்று அச்சடித்து விற்கும் மலிவு நகல்களில் சாம்பல்தான் முதலில் கெடும், அச்சு மையில் நாலு நிறத்தைக் கலந்து சாம்பல் கொண்டுவருவது அவ்வளவு கடினம். வீட்டில் வெயில் படாத இடத்தில், மூடிய நிலையில் வைத்திருங்கள், தாளின் நிற முகத்தில் விரல் எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்புங்கள்.

எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 1/72 படகு முழுவதற்கும், ஏர்பிரஷில், 374 மூன்று டப்பா, 371 ஒன்று, 57 ஒன்று, அடிப்பகுதிக்கும் மேல்தளத்துக்குமாகக் கருஞ்சாம்பல் மூன்று எனக்குச் செலவானது. கருஞ்சாம்பலை ரெவெல் 9-உம் 57-உம் கலந்து 7016 தாளுக்கு நேராகக் கொண்டுவந்தேன், மூன்று டப்பா அளவையும் ஒரே பழைய ஜாம் பாட்டிலில் ஒரே தடவையாகக் கலந்து வைத்துக்கொண்டு, பிறகுதான் அடிக்க ஆரம்பித்தேன்.